அறுக்கிறதா, விட்டுடறதா மாப்ள?

வா மாப்ள, உக்காரு. கை எப்படி இருக்குன்னு நான் கேக்கப்போறதில்ல. கேட்டா வாயத் தெறக்கமாட்ட, படத்தத்தான் எடுத்து நீட்டுவ. அந்த எக்ஸ்ரே படத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வெள்ளிமலையில இருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் நீ காட்டாத ஆளு பாக்கி இல்ல. டீக்கடைக்காரரு பாத்தாச்சு, பஸ் கண்டக்டரு பாத்தாச்சு. பலாக்கா ஏத்த வந்த லாரி டிரைவரு வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு, "எலும்பு கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்குதுப்பா"ன்னு சொல்லிட்டுப் போனாராம். அவரு படத்தத் தலைகீழா புடிச்சிருந்தாருன்னு உங்கம்மா சொல்லுது.

ஊரெல்லாம் கேட்டு முடிச்சுட்டுக் கடைசியா மாமன்கிட்ட வந்திருக்க. நல்லது. மிச்சம் மீதிக்குத்தான நாங்க இருக்கோம்.

உங்க சித்தப்பாரு கத்தியே கூடாதுங்கறாரு. ஏன்னு கேட்டா, நம்ம வம்சத்துல யாரும் கத்தி வச்சுக்கிட்டதில்லையாம். நம்ம வம்சத்துல யாரும் பைக்குகூடத்தான் ஓட்டுனதில்ல, அத ஒருத்தரும் தடுக்கல. உன் மச்சான் நாளைக்கே அறுத்துடணுங்கறான். அவனுக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ ஓடுது, நல்ல மனசுக்காரன். உன் பொண்டாட்டி ஒண்ணுதான் ஒழுங்கா ஒரு கேள்வி கேட்டுச்சு: "அறுத்தா திரும்பக் கொட்டாப்புளி புடிப்பாரா?" அது உன் காதுல ஏறல. வளைஞ்ச மணிக்கட்டு போட்டோவுல எப்படி விழும்ங்கற பெரிய யோசனையில இருந்த நீ.

கோணுன கதைய நானே ஒருதரம் சொல்லிடறேன். டாக்டருகிட்ட நீ அதுல பாதியத்தான் சொல்லுவ. மலையேறுற வழியில, கொண்டை ஊசி வளைவுல, மழை விட்ட ஈரத்துல பைக்கச் சாச்ச. கைய ஊனி விழுந்த. மணிக்கட்டு பொசுபொசுன்னு வீங்குச்சு. அப்பவே 108-ஐக் கூப்புட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சுக்கே வேலை இல்ல. உனக்குத்தான் ஆஸ்பத்திரி வாசனையே ஆகாதே. எண்ண போட்டு நீவுற ஆளத் தேடிப் போன. அவரு இழுத்தாரு, நீ கத்துன. "சத்தம் கேட்டுச்சு பாரு, எலும்பு உக்காந்துருச்சு"ன்னாரு. அந்தச் சத்தம் எலும்புல இருந்து வந்துச்சா, உன் வாயில இருந்து வந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தீரல. முட்டை வெள்ளக்கருவும் உளுத்தமாவும் கொழச்சு அப்பி, மூங்கில் சிம்பு வச்சு, இறுக்கிக் கட்டி அனுப்பிட்டாரு. ராத்திரி விரலெல்லாம் நீலம் பாரிச்சு மரத்துப் போச்சு. உங்கம்மா அருவாமனைய எடுத்துக் கட்ட அறுத்து விட்டுச்சு. உன் கைக்கு இதுவரைக்கும் நடந்ததுல உருப்படியான வைத்தியம் அது ஒண்ணுதான்.

கட்டுப் போடுறவங்க எல்லாரையும் நான் குத்தம் சொல்லல. ஆந்திராவுல புத்தூர்க் கட்டுன்னா தெரியாதவங்க நம்ம பக்கம் யாரு இருக்கா? ஆனா எவரு கட்டுனாலும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டே ஆனாலும் சரி, இறுகுனா உள்ள ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடலன்னா சதை செத்துச் சுருங்கி, விரல் மடங்குனது மடங்குனபடியே நின்னுடும். ஜெர்மனியில ஃபோல்க்மன்னு ஒரு டாக்டரு 1881-லயே இத எழுதி வச்சுட்டாராம், அந்த நோவுக்கே அவரு பேருதானாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. பேத்தி பிசியோதெரபி படிக்குது. மாமனோட அறிவெல்லாம் இப்ப அங்க இருந்து இரவல் வாங்குறதுதான்.

அப்பறம் ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டாங்க. ஆறு வாரம்னாங்க. நீ மூணாவது வாரமே கத்தரிக்கோலத் தேடுன. கேட்டா, அக்கா மவன் காதுகுத்து, புதுச்சட்டையில கை நுழையலங்கற. சட்டை நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. எலும்புதான் இன்னும் ஒட்டாம இருந்துச்சு.

உள்ள என்ன ஆச்சுன்னு சொல்றேன் கேளு. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ரெண்டு எலும்பு. கட்டவிரல் பக்கம் ஒண்ணு, சுண்டுவிரல் பக்கம் ஒண்ணு. கட்டவிரல் பக்கத்து எலும்பு இன்னொண்ணச் சுத்திப் பொரள்றதாலதான் நாம உள்ளங்கைய மேலயும் கீழயும் திருப்பறோம். கைய ஊனி விழுந்தா பெரும்பாலும் ஒடையறது அந்தக் கட்டவிரல் பக்கத்து எலும்போட நுனி. அது புறங்கைப் பக்கமாச் சாஞ்சு, குட்டையாகி, அப்படியே ஒட்டிக்கிச்சுன்னா பக்கத்து எலும்பு நீட்டிக்கிட்டு நிக்கும். நெலைச்சட்டத்துல ஒரு காலு குட்டையாப் போனா கதவு எங்க இடிக்கும்னு தச்சு வேலைக்காரனுக்கு நான் சொல்லணுமா? சுண்டுவிரல் பக்கம் குத்துது குத்துதுங்கறியே, இடிக்கிற எடம் அதுதான்.

இப்ப என் கையப் பாரு. பயப்படாத, கிட்ட வந்து பாரு. உன்னுதவிட நல்ல கோணல். பலாமரத்துல இருந்து விழுந்தது. மலைக்கு அப்ப ரோடு கெடையாது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீருக்குள்ள கல்வராயன் மலை இருந்த காலம். கூலி இல்லாம உழைக்கறதுக்கு எங்க கையக் கேட்டாங்க, ஒடஞ்ச கைய எவன் கேட்டான்? 1976-ல சர்க்காரு மலைய எடுத்துக்கிட்ட பொறவுதான் ரோடு, ஆஸ்பத்திரின்னு பேச்சே வந்துச்சு. என் கை அதுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்காம, தன்னிஷ்டத்துக்கு முன்னாடியே ஒட்டிக்கிச்சு.

ஆனாலும் இந்தக் கை என்னைக் கைவிட்டதில்ல. மாடு கறக்கும், வேட்டி கட்டும், வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவும். சீட்டாட்டத்துல எதிராளிக்குத் தெரியாம ஒரு சீட்ட ஒளிக்கறதுக்கு இந்த வளைவு ரொம்பத் தோது. அயர்லாந்துல, டப்ளின்ல, ஆபிரகாம் காலிஸ்னு ஒரு டாக்டரு இந்த ஒடைவப் பத்தி 1814-ல எழுதுனாராம். எக்ஸ்ரே வந்ததே 1895-லதான். வெறும் விரலால தடவிப் பாத்தே கண்டுபுடிச்சிருக்காரு மனுசன். கோணல் ஆயுசுக்கும் போகாது, ஆனா நாளாவட்டத்துல வலி தீந்து கை நல்லாப் புழங்க ஆரம்பிச்சுடும்ங்கறது அவரு முடிவு. என் கையப் பாத்திருந்தா மனுசன் கட்டிப் புடிச்சிருப்பாரு. இன்னிக்கும் வயசாளிங்க கைக்கு, பெருசா வேலை வாங்காத கைக்கு, வலி இல்லன்னா கோணலோட விட்டுடறதே மேல்னு சொல்ற டாக்டருங்கதான் அதிகம்.

உடனே எழுந்து குதிக்காத. "மாமனே விட்டுடச் சொல்லிட்டாரு"ன்னு ஊருக்குள்ள போயிச் சொல்லிடாத. நான் சுண்ணாம்பு தடவறவன், நீ சாமி செதுக்கறவன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கெடச்சப்ப, என்னமோ டெல்லிக்காரன் உன் பேர எழுதிக் கொடுத்தாப்ல பட்டாசு வெடிச்சியே, அந்தத் தொழில்ல இருக்கறவன் நீ. எடது கையில உளி, வலது கையில கொட்டாப்புளி. ஒவ்வொரு அடியும் உன் மணிக்கட்டுல வந்துதான் முடியுது. அதுவாவது பரவால்ல. கண்ணும் ஒதடும் எடுக்கறப்ப கொட்டாப்புளியக் கீழ வச்சுட்டு, உளிக்காம்ப உள்ளங்கையில கொடுத்து, மணிக்கட்டப் பின்னால மடக்கி, மூச்சப் புடிச்சுக்கிட்டுத் தள்ளுவியே. ஒரு நெல்லு கனத்துக்குச் சீவல் சுருண்டு வரும். அந்த வேலைதான் உனக்குக் கூலி. சாமிக்கு ஒதடு கோணிப்போனா வாங்குறவன் கும்புட்டுட்டுப் போயிடுவான், காசு தரமாட்டான்.

அதனால படத்தக் கீழ வை. படம் எலும்பக் காட்டும், வேலையக் காட்டாது. கும்புடு போட்டுக் காட்டு. அப்படி இல்ல, அது ஓட்டுக் கேட்டு வர்றவங்க போடற கும்புடு, பாதியிலயே முடிஞ்சுடும். நெஞ்சுக்கு நேரா, முழங்கையத் தூக்கி, ரெண்டு உள்ளங்கையும் அடி வரைக்கும் ஒட்டணும். ம். வலது பக்கம் அடியில வெளிச்சம் தெரியுது. சரி, முழங்கைய விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு, கூலி வாங்க நீட்டறாப்ல உள்ளங்கைய மேல திருப்பு. அவ்வளவுதானா? அந்தச் சரிவுல காசு நிக்காதே மாப்ள. ஓட்டைக்கைன்னு உங்கப்பன் உன்னத் திட்டறப்ப நான் நம்பல. இப்ப விரல மடக்கு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம மடங்குது, அது போதும். விரலெலும்பு முறுக்கி ஒட்டியிருந்தா நீட்டறப்ப தெரியாது, மடக்கறப்பதான் ஒரு விரல் பக்கத்து விரல் மேல போயிப் படுக்கும். உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல.

ஒரு நிமிஷம் வெளையாட்ட ஒருபக்கம் வை. கட்டவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் ராத்திரியில மரத்துப் போயி உன்ன எழுப்புதா? கட்டவிரலுக்கு அடியில இருக்கற சதை மேடு இளைச்சுக்கிட்டே வருதா? கைய மேசை மேல கவுத்து வச்சா கட்டவிரல மட்டும் மேல தூக்க முடியலையா? இதுல ஒண்ணு இருந்தாகூட எங்கிட்ட உக்காந்து பேசறது வீண் வேலை. நரம்பு நசுங்குதுன்னோ, தசைநாண் தேஞ்சு அறுந்துபோச்சுன்னோ அர்த்தம். அதுக்கெல்லாம் நாள் பாக்கக்கூடாது, ஆடி மாசம் முடியட்டும்னு உக்காரக்கூடாது. இன்னொண்ணு, இது உன் தம்பிக்கு: அவனும் அன்னிக்குப் பின்னாடிதான உக்காந்து வந்தான்? கட்டவிரலத் தூக்குனா அடியில ஒரு குழி விழும் பாரு, அதுல அமுக்குனா இன்னும் வலிக்குதுங்கறான். மொதப் படத்துல ஒண்ணும் தெரியலன்னு விட்டுட்டீங்க. அங்க ஒரு சின்ன எலும்பு இருக்கு. அதுக்கு ரத்தம் விரல் பக்கமா இருந்து திரும்பி வருதாம். ஒடஞ்சா அடித்துண்டுக்கு ரத்தம் போகாம செத்துடும், வருசம் போனா மணிக்கட்டே தேஞ்சுடும். அவன இழுத்துக்கிட்டுப் போயித் திரும்பப் படம் எடு. உன் கையவிட எனக்கு அந்தக் கைதான் கவலையா இருக்கு. அவன் ஊருல யாருகிட்டயும் காட்டாமயே இருக்கான்.

சரி, அறுத்தா என்ன பண்ணுவாங்க? கோணலா ஒட்டுன எடத்துலயே எலும்ப மறுபடி வெட்டி, சாஞ்சத நிமித்துவாங்க. நிமித்துனா ஒரு எடைவெளி விழும். இடுப்பெலும்புல இருந்து சின்னத் துண்டு எடுத்து அதுல ஆப்பு வைப்பாங்க. மேல தகடு வச்சுத் திருகாணி முடுக்குவாங்க. ஆப்பு, தகடு, திருகாணி. தெனமும் நீ மரத்துக்குப் பண்ற வேலைதான, ஏன் முகம் வெளுக்குது? கை மட்டும் மரத்துப்போக ஊசி போடறதும் உண்டு, இடுப்புலயும் கை வைக்கணும்னா முழு மயக்கம் கொடுக்கறதும் உண்டு. எலும்பு ஒட்ட ரெண்டு மூணு மாசம். சில பேருக்கு இவ்வளவு பாடு வேண்டாம், நீட்டிக்கிட்டு நிக்கற சுண்டுவிரல் பக்கத்து எலும்பக் கொஞ்சம் குட்டையாக்குனாலே இடிக்கறது நின்னுடும். உனக்கு எதுன்னு டாக்டருதான் சொல்லணும், லாரி டிரைவரு இல்ல.

அறுத்தா தீந்துச்சுன்னும் நெனைக்காத. சீழ் புடிக்கலாம். எலும்பு ஒட்டாம அடம் புடிக்கலாம். தகடு உறுத்தி, அத எடுக்கறதுக்கு இன்னொரு தடவ படுக்கலாம். மூட்டுக்குள்ளயே தேஞ்சு போயிருந்தா, எலும்ப நேராக்குனாலும் வலி போகாது. பழைய கைய அப்படியே திருப்பித் தர்றேன்னு எந்த டாக்டராவது அடிச்சுச் சொன்னா, வணக்கம் சொல்லிட்டு எழுந்து வந்துடு. நல்ல டாக்டரு எவ்வளவு கெடைக்கும், எவ்வளவு கெடைக்காதுன்னு ரெண்டையும் சொல்லுவாரு. அதே சமயம் யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு வருசத்தையும் ஓட்டாத. ஒட்டுன புதுசுல வெட்டித் திருத்தறது சுலபம். நாளானா சதையும் மூட்டும் கோணலுக்கே பழகி, அதுவே நேருன்னு நம்ப ஆரம்பிச்சுடும்.

கை நல்லாயி பொழப்பு கெட்ட கதை ஒண்ணு இருக்கு, சொல்லவா? நம்ம மலைக்கும் சம்பந்தம் இருக்கு.

கொல்லிமலையில பிராண்டுன்னு ஒரு வெள்ளக்காரப் பாதிரியார் குடும்பம் இருந்துச்சு. 1914-ல அவங்களுக்குப் பால்னு ஒரு புள்ள பொறந்துச்சு. அப்பாரு 1929-ல மலைக்காய்ச்சல் முத்திப் போயிச் செத்துட்டாரு. அந்தம்மா எவிலின் மட்டும் விட்டுடல. வயசாச்சு, ஓய்வு எடுத்துக்கம்மான்னு அனுப்பி வச்ச பொறவு, மட்டக்குதிரை ஏறி நம்ம கல்வராயன் மலைக்கெல்லாம் வந்துச்சு. குதிரையில இருந்து விழும், எலும்பு ஒடையும், கெளம்பு கெளம்புன்னு மவன் வந்து கெஞ்சுவாரு. ரெண்டு மூங்கில் கம்ப ஊனிக்கிட்டு அடுத்த ஊருக்கு நடக்கும். முகம் பாக்கற கண்ணாடியே வேண்டாம்னு ஒதுக்கிடுச்சாம். 1974-ல, 95 வயசுல கண்ண மூடுச்சு. அந்தம்மா உன்னாட்டம் போட்டோவுல கை எப்படி விழும்னு பாத்துக்கிட்டு இருந்திருந்தா கொல்லிமலையத் தாண்டியிருக்காது.

அந்த மவன், பாலு, மொதல்ல கட்டட வேலையும் தச்சு வேலையும் கத்துக்கிட்டவரு. உளி புடிச்ச பொறவுதான் கத்தி புடிச்சாரு, காலர நல்லாத் தூக்கி விட்டுக்க. 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு டாக்டரா வந்தாரு. செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, விரலெல்லாம் கொக்கியா மடங்கிப்போன ஒருத்தரோட கையப் புடிச்சுக் குலுக்குனாரு. அந்தக் கை இவரு கைய இறுக்குன இறுக்குல அலறிட்டாராம். செத்த கைன்னு எல்லாரும் நெனைச்ச கைக்குள்ள இவ்வளவு பலமான்னு அங்கதான் பொறி தட்டுச்சு. எல்லாத் தசையும் சாகல, நல்லா இருக்கற தசையோட நாண எடுத்துச் செத்த தசை செய்யற வேலைக்குத் திருப்பி விடலாம்னு ஆரம்பிச்சாரு. ஒரு விரல மடக்குற நாண எடுத்து மத்த விரல்களுக்குப் பிரிச்சுக் கோத்துட்டா, கத்தி வேலை முடிஞ்சுது. அதுக்கப்பறம் அந்த ஆளு உக்காந்து, பழைய விரல நெனைச்சா புது விரல் அசையுதேன்னு, சின்னப் புள்ளையாட்டம் ஒவ்வொண்ணா மறுபடி கத்துக்கணும். அதுக்கு மாசக்கணக்கு.

கை நேராச்சு, விரல் விரிஞ்சுது. டாக்டரு சந்தோஷமா அனுப்பி வச்சாரு. கொஞ்ச நாள்ல சில பேரு திரும்பி வந்து சண்டை புடிச்சாங்க. என்னான்னு கேட்டா, "இந்தக் கைய நீட்டுனா எவனும் பிச்சை போட மாட்டேங்கறான்"ங்கறாங்க. கோணக்கையப் பாத்து எரக்கப்பட்ட சனம் நேரான கையப் பாத்து முகத்தத் திருப்பிக்கிச்சு. தழும்பு இருக்கறதால வேலையும் தரல. உள்ள பிச்சையும் போச்சு. பிராண்டு டாக்டரு அங்கதான் அசந்துட்டாரு. கையச் சரி பண்ணுனா போதாதுன்னு, நவஜீவ நிலையம்னு ஒண்ணு வச்சு, மர வேலை, பொம்மை செய்யறதுன்னு பழக்கி விட்டாரு. தான் கத்துக்கிட்ட தச்சு வேலைய அங்க கொண்டாந்து போட்டாரு.

அங்க இன்னொரு கூத்து. நோயாளிங்க விரல் ராத்திரியோட ராத்திரியா கொறஞ்சுக்கிட்டே வந்துச்சாம். நோயோட வேலைன்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. உத்துப் பாத்தா, தூங்கறப்ப எலி கடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. வலி தெரியாததால ஆளு முழிக்கல. ஆளுக்கொரு பூனையக் கொடுத்து அனுப்புனாங்க. நீ என்னடான்னா வலிக்குது வலிக்குதுன்னு மாத்திரைய மல்லாட்டையா மென்னுக்கிட்டு இருக்க. எந்த வேலையில வலிக்குது, எந்தத் திருப்புல வலிக்குதுன்னு அதக் கொஞ்சம் கேட்டு வச்சுக்கிட்டா டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

எங்க போறதுன்னு அலையாத. நம்ம மாவட்டம் பொறந்ததே 2019 நவம்பர்ல, உன் கல்யாணத்துக்கு அப்பறம். சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரிய 2022 ஜனவரியில தெறந்தாங்க, தமிழ்நாட்டுல ஒரே நாள்ல பதினோரு கல்லூரி. மொதல்ல அங்க எலும்புப் பிரிவுல காட்டு. கைக்குன்னே தனியாப் பாக்கறவங்க வேணும்னு அவங்க சொன்னா, சென்னை ஸ்டான்லியில கைக்குன்னு ஒரு நிலையமே இருக்கு. வேலூர் சி.எம்.சி. இருக்கு, கோயமுத்தூர்ல கங்கா ஆஸ்பத்திரி இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. வருச வருமானம் 1,20,000 ரூவாய்க்குள்ள இருக்கணும். உன் வருமானத்தப் பத்தி வெளியில நீ பேசற பேச்ச மட்டும் அந்த ஆபீசுல பேசிடாத. உன் வைத்தியத்துக்கு அது செல்லுமான்னு ஆஸ்பத்திரியிலயே காப்பீட்டுக்குன்னு உக்காந்திருக்கறவங்ககிட்ட மொதல்லயே கேட்டுடு. அட்டை எங்கன்னு முழிக்காத, பீரோவுல கல்யாண ஆல்பத்துக்கு அடியில கெடக்குதுன்னு உன் பொண்டாட்டி சொல்லிச்சு.

போறப்ப படத்த மட்டும் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போகாத. உளியையும் கொட்டாப்புளியையும் மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போ. வாசல்ல செக்யூரிட்டி புடிச்சா, சாமி செய்யற உளின்னு சொல்லு, கும்புட்டு விட்டுடுவாரு. டாக்டரு முன்னால புடிச்சுக் காட்டு. இப்படி அடிப்பேன், இப்படித் தள்ளுவேன், இங்க குத்துதுன்னு சொல்லு. அறுத்தா இந்தத் தள்ளு எனக்குத் திரும்ப வருமான்னு கேளு. எத்தன மாசம் கூலி போகும்னு கேளு. அறுக்காம விட்டா பத்து வருசத்துல இந்த மூட்டு எப்படி இருக்கும்னும் கேளு. உன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போயிடு, கேள்விய அது கேக்கட்டும். நீ கைய மட்டும் நீட்டு.

மரத்துப் போறது, சதை இளைக்கறது, கட்டவிரல் தூக்க முடியாததுன்னு நான் கேட்டது எதுவும் இல்லன்னா, நாளைக்கே போக வேண்டிய அவசரம் உனக்கு இல்ல. அதனால ஒரு சோதனை வைக்கறேன். பேத்தி சொல்லிக் கொடுத்தது. காலையிலயும் சாயங்காலமும் வெதுவெதுன்னு தண்ணியில கைய வச்சு எடு. கொட்டாப்புளியக் காம்போட அடியில புடிச்சு நிமித்தி, முழங்கைய விலாவோட ஒட்டிக்கிட்டு, மெதுவா இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய். அதோட கனமே உன் கையத் திருப்பி விடும். கும்புடு போட்டுப் போட்டு அந்த வெளிச்சத்தக் கொறை. ஒரு ஆறு வாரம். இந்த ஆறு வாரத்துக்கும் கத்தரிக்கோல எங்கிட்ட கொடுத்துடு. வலி அடங்கி, தள்ளு திரும்ப வந்துச்சுன்னா கோணல் உன்னோடவே இருந்துட்டுப் போகட்டும், சீட்டுல ஒளிக்கறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன். வரலன்னா போயிப் படு. படுத்து எழுந்தாலும் இதே கொட்டாப்புளி, இதே சாய்ப்புதான் காத்துக்கிட்டு இருக்கு. இப்ப செய்யாதவன் அப்ப செய்வான்னு நான் நம்பல, உன் பொண்டாட்டியும் நம்பல. விரல் விறைச்சுப்போன கையோட வந்தா, எந்த டாக்டரும் மொதல்ல அத இளக்கிட்டு வான்னுதான் அனுப்புவாரு.

அப்பறம் அந்த பீடி. பொகை போனா எலும்புக்கு ரத்தம் கொறையும், ஒட்டற எலும்பும் ஒட்டாது. கத்தி வைக்கறதுக்கு முந்தி டாக்டரு விடச் சொல்லத்தான் போறாரு, அத இன்னிக்கே விட்டுடு. ஐயோ, தூக்கியெல்லாம் எறியாத, காசு போட்டு வாங்குனது. இங்க கொண்டா. என் எலும்பு எப்பவோ ஒட்டியாச்சு. உங்க அத்தை கொல்லையில இருக்கா, அவ வர்றதுக்குள்ள அந்தத் தீப்பெட்டியையும் எடு.